இறங்காத பந்து

பந்து கீழே வரவில்லை. நடந்த தப்பு அவ்வளவுதான். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு நாங்கள் செய்தது.

தூத்துக்குடியில், டிசம்பர் மாதத்து முதல் சனிக்கிழமை, காலை பதினொன்றரை மணிக்கு, எங்கள் கிளப்பின் நடுக் கோர்ட்டில், பதினெட்டு வயதுக்கு உட்பட்ட பெண்பிள்ளைகளுக்கான சர்வதேச ஜூனியர் போட்டியின் கடைசி ஆட்டத்தில், மூன்றாவது செட்டில், ஐந்துக்கு நாலு, நாற்பதுக்கு முப்பது என்று பின்தங்கி, இன்னும் ஒரே ஒரு பாயிண்ட் போனால் மேட்சே போய்விடும் என்கிற இடத்தில், எங்கள் ஊர் மச்சாது மகள் பின்கோட்டுக்கும் பின்னால் கம்பிவேலியில் முதுகு உரச நின்று, எட்டாத பந்தை எப்படியோ எட்டி, மட்டையின் விளிம்பால் மேலே தூக்கிவிட்டாள். லாப் என்பார்கள். தப்பிக்க வேறு வழி இல்லாதவர்கள் அடிப்பது. நெட்டுக்கு அந்தப் பக்கம், கோலாப்பூரிலிருந்து வந்திருந்த கேதகி என்கிற பிள்ளை, இடது கையால் வானத்தைச் சுட்டிக்கொண்டு, வலது கை மட்டையைத் தோளுக்குப் பின்னால் மடக்கி, பந்து இறங்கியதும் ஒரே அடியில் முடித்துவிட்டுக் கைகுலுக்கத் தயாராக நின்றாள். பந்து ஏறியது. கிளப் கொடிக்கம்பத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைத் தாண்டி, செல்போன் கோபுரத்தின் சிவப்பு விளக்கைத் தாண்டி, பருந்து சுற்றுகிற உயரத்தையும் தாண்டி ஏறி, அங்கே ஓரிடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான்.

அண்ணாந்து பார்த்தோம். காற்று மேலே பலமாக இருக்கும் என்றார் ஒருவர். வரும் என்றார் இன்னொருவர். பத்து நிமிஷம் போனது. கேதகிக்கு இடது கை வலித்தது, இறக்கிக்கொண்டாள். நாற்காலியில் இருந்த அம்பயர் சரவணப்பெருமாள், பாளையங்கோட்டைக்காரர், வார நாளில் ஏதோ ஆபீஸில் எழுத்து வேலை, லீவு போட்டுவிட்டு இப்படி வந்து உட்காருகிறவர், விதிப் புத்தகத்தை முன்னும் பின்னும் புரட்டினார். பிறகு மைக்கில் சொன்னார், பந்து ஆட்டத்தில் இருக்கிறது, ஆட்டம் நடந்துகொண்டிருக்கிறது, பார்வையாளர்கள் அமைதி காக்கவும் என்று. காத்தோம்.

விதி சின்னதுதான். பந்து தரையில் குத்தும்வரை பாயிண்ட் முடியாது. முடியாத பாயிண்ட்டை அம்பயர் நிறுத்த முடியாது. பந்து ஆட்டத்தில் இருக்கும்போது ஆடுகிறவளின் கையோ காலோ மட்டையோ பாவாடை நுனியோ நெட்டைத் தொட்டுவிட்டால் அவளுக்கு அந்தப் பாயிண்ட் போச்சு. ஆக, இதை முடிக்க ஒரு வழி அன்றைக்கே இருந்தது. யாராவது ஒருத்தி போய் நெட்டைத் தொட வேண்டும். மச்சாது மகள் தொட்டால் மேட்ச் முடிந்தது, கேதகி ஜெயித்தாள். கேதகி தொட்டால் நாற்பதுக்கு நாற்பது, ஆட்டம் மேலே போகும். இரண்டு பேருக்கும் தெரியும். ஊருக்கும் தெரியும். ஒருவரும் தொடவில்லை.

ஏன் தொடவில்லை என்று கேட்பீர்கள். ஜனவரியில் மெல்போர்னில் ஜூனியர் கிராண்ட்ஸ்லாம். உலகம் முழுக்க உள்ள பிள்ளைகளை வரிசைப்படுத்தி, மேலேயிருந்து இத்தனை பேர் என்று பட்டியல் போடுவார்கள். எல்லா இடமும் போய்விட்டது, கடைசியில் ஓரிடம் மிச்சம். இந்தக் கோப்பையை வாங்கினால் மச்சாது மகள் அந்த இடத்தில் ஏறுவாள். கேதகி வாங்கினால் கேதகி ஏறுவாள். அதற்கடுத்த மெல்போர்ன் வருவதற்குள் இரண்டு பேருக்கும் வயது தாண்டிவிடும். பட்டியல் மூடுகிற நாள் டிசம்பர் மாதத்து மூன்றாவது திங்கட்கிழமை, சாயங்காலம் ஐந்து மணி. அன்றையும் சேர்த்து எண்ணினால் அது பதினேழாவது நாள். பதினேழு நாளில் எந்தப் பந்துதான் இறங்காது.

அந்தப் பிள்ளைகள் விரோதிகள் என்று நினைத்துவிடாதீர்கள். கொழும்பு, காத்மாண்டு, தாஷ்கண்ட், நைரோபி என்று நாலு வருஷமாக ஒரே அறையில் தங்கி, ஒரே மின்சாரக் குக்கரில் சோறு பொங்கி, ஒருத்தி துணியை ஒருத்தி காயப்போட்டு, இரட்டையர் ஆட்டத்தில் ஜோடி போட்டு, ஒற்றையர் ஆட்டத்தில் ஒருத்தியை ஒருத்தி தோற்கடித்து வந்தவர்கள். மச்சாது என்கிற குடும்பப் பெயரைப் பாதியில் வெட்டி மச்சா என்றுதான் கேதகி கூப்பிடுவாள். அவளுக்குத் தெரிந்த தமிழ் இரண்டு வார்த்தை. மச்சா, பசிக்குது. அவ்வளவு வைத்துக்கொண்டு எங்கள் ஊரில் பதினேழு நாள் நின்றாள்.

நான் அந்தக் கிளப்பில் மார்க்கர். விளையாட வருகிற ஆபீசர்களுக்கு எதிரே நின்று பந்து போடுகிறவன், நாற்பது வருஷம். மச்சாது மகளுக்கு நான் ஒன்றும் சொல்லிக்கொடுக்கவில்லை. அதற்கு மதுரையில் ஆள் இருந்தது. நான் கோர்ட்டைக் கூட்டினேன், பார்த்தேன். சொல்லுகிற தகுதி அவ்வளவுதான்.

முதல் நாள் சாப்பாடு வந்தது. கோர்ட்டை விட்டு யார் போனாலும் அந்நேரம் பந்து விழுந்தால் போச்சு, ஆகையால் இருந்த இடத்திலேயே ஆளுக்கொரு தட்டு. பாத்ரூம்தான் பெரிய விஷயமாக இருந்தது. சரவணப்பெருமாள் யோசித்து ஒரு வழி சொன்னார், இரண்டு பேரும் ஒரே நேரத்தில் போனால் யாருக்கும் லாபமில்லை, நஷ்டமில்லை. அதுமுதல் ஒருத்திக்கு வந்தால் இன்னொருத்திக்கும் வந்தாக வேண்டும். கையில் மட்டையோடு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, ஏதோ சொல்லிச் சிரித்துக்கொண்டு போவார்கள், வருவார்கள், நெட்டின் இரண்டு பக்கமும் பிரிந்து நிற்பார்கள். சிரிப்பு நிற்கும். படுப்பதும் அங்கேதான், கோட்டுக்குப் பின்னால் பாய் விரித்து.

வெயிலுக்கு என்ன செய்வது என்று அடுத்த கேள்வி. குடை பிடிக்க முடியாது. கையில் இருக்கிற குடையில் பந்து பட்டாலும் பாயிண்ட் போகும். பந்தல் போட முடியாது, பந்தலில் விழுந்தால் அடித்தவள் பாயிண்ட்டை இழப்பாள். அப்போதுதான் சேவியர் மச்சாது, அந்தப் பெண்ணின் அப்பன், துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறவன், கப்பல் வயிற்றிலிருந்து காற்றாலை இறக்கையைத் தூக்கி லாரியில் பூ மாதிரி வைக்கிறவன், மகளை விடிவதற்கு முன் பிராக்டிஸுக்குக் கொண்டுவிட்டுவிட்டு ஷிப்டுக்குப் போய் எட்டு வருஷம் ஒழுங்காகத் தூங்காதவன், ஒரு கண்டெய்னர் யார்டுக்காரரிடம் கெஞ்சி ஒரு கிரேனை வாங்கிக்கொண்டுவந்து கிளப் மதிலுக்கு வெளியே தெற்கே நிறுத்தி, கொக்கியில் ஒரு நீலத் தார்ப்பாயைக் கட்டி, பந்துக்கு நேர்கீழே வராமல், ஆனால் நிழல் மட்டும் சாய்ந்து வந்து மகள் தலையில் விழுகிற மாதிரி தூக்கிப் பிடித்தான். சூரியன் நகரும். அவனும் நகர்த்துவான், விரற்கடை விரற்கடையாக, காலை எட்டிலிருந்து பொழுது சாயும்வரை, கேபினை விட்டு இறங்காமல். பந்தை எட்டுமா என்கிற ஆசையில் முதல் நாளே கிரேனின் கையை முழுக்க நீட்டியும் பார்த்தான். அதன் பாதிக்குக்கூட எட்டவில்லை.

இரண்டாம் நாள் அவன் பெண்சாதி ஜெனோவா சாப்பாட்டு வாளியோடு கிரேனுக்குக் கீழே வந்து நின்று மேலே பார்த்துச் சொன்னாள், "ஏங்க, அந்தப் பிள்ளையும் யாரோ பெத்ததுதான? அதுக்கும் ஒண்ணு போடுங்க."

கொக்கி ஒன்றுதான் இருக்கிறது என்றான் சேவியர்.

"அப்ப பெருசா ஒண்ணு கட்டுங்க."

உப்பளத்தில் உப்புக் குவியலை மழைக்கு மூடுகிற தார்ப்பாய் ஒன்று வந்தது. அதைக் கட்டியபின் நிழல் நெட்டுக்கு இரண்டு பக்கமும் விழுந்தது.

ஊர் பழகிக்கொண்டது. ஊருக்கு எதுவும் மூன்று நாள்தான். கடலிலிருந்து திரும்புகிற வள்ளத்துக்காரர்கள் மாதா கோயில் கோபுரத்தையும் பந்தையும் ஒரே நேருக்கு வைத்துக் கரை பிடித்தார்கள், பழைய அடையாளத்தைவிட இது தெளிவாக இருக்கிறது என்றார்கள். உப்பளத்துப் பெண்கள் பந்தைத் தாண்டி சூரியன் போனால் கஞ்சி நேரம் என்று வைத்துக்கொண்டார்கள். சென்னையிலிருந்து வருகிற விமானத்தில், இடதுபக்கம் அமர்ந்திருப்பவர்கள் இப்போது பந்தைப் பார்க்கலாம் என்று அறிவிப்பு செய்தார்களாம். பரோட்டாக் கடைகளில் பந்து இறங்குகிறதா ஏறுகிறதா என்று பேச்சு முற்றி, ஓய்வுபெற்ற சர்வேயர் ஒருவர் முக்காலியும் தொலைநோக்கியும் கொண்டுவந்து கோர்ட் ஓரத்தில் நட்டு ஒரு விரற்கடை இறங்கியிருக்கிறது என்றார். வேட்டு வெடித்தோம். மறுநாள் இரண்டு விரற்கடை ஏறியிருக்கிறது என்றார். வீட்டுக்குப் போகச் சொன்னோம். கட்சிக்காரர்கள், வானத்தை நிறுத்திய வீராங்கனையே வருக என்று அவள் படத்தைவிடத் தங்கள் படத்தைப் பெரிதாகப் போட்டு, செல்வி மச்சாது என்று கீழே எழுதி, பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து கிளப் வாசல்வரை பிளக்ஸ் கட்டினார்கள். வருகிற பிள்ளை அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தது.

கோயிலில் பூசை கொடுத்தார்கள். பந்து இறங்க வேண்டும், கோட்டுக்கு உள்ளே இறங்க வேண்டும், ஆனால் கேதகிக்கு எட்டாமல் இறங்க வேண்டும், எட்டினாலும் அவள் அடிப்பது நெட்டில் மாட்ட வேண்டும், அதற்கடுத்த இரண்டு பாயிண்ட்டும் நம்ம பொண்ணுக்கே வர வேண்டும் என்று வேண்டுதலுக்கான கருத்துச் சீட்டில் எழுதிக் கொடுத்ததை வாசித்துவிட்டு பங்குச் சாமியார், மாதாவுக்கு இவ்வளவு டென்னிஸ் தெரியாது, இறங்க வேண்டும் என்று மட்டும் கேட்போம் என்றார். அவரும் எங்களோடு சேர்ந்து அண்ணாந்துதான் பார்த்தார்.

ஏழாம் நாள் மழை. புயல்சின்னம் எங்கோ, மழை இங்கே. மழை வந்தால் ஆட்டத்தை நிறுத்தலாம், ஆனால் ஒரு பாயிண்ட் முடிந்து அடுத்தது தொடங்கும் முன்தான் நிறுத்தலாம் என்றார் சரவணப்பெருமாள், நனைந்துகொண்டே. அந்தப் பிள்ளைகளும் நனைந்தார்கள். வேலிக்கு வெளியே நாங்கள் குடைகளை மடக்கினோம். அவர்கள் நனையும்போது நாம் மட்டும் என்ன என்று யாரோ ஒருவர் மடக்கினார், எல்லோரும் மடக்கினோம். அன்றைக்கு ஊர் நல்ல ஊராக இருந்தது. அதையும் எழுதித்தான் ஆக வேண்டும்.

போட்டித் தலைமையகத்துக்குக் கடிதம் போனது. ஐரோப்பாவிலிருந்து பதில் வந்தது. வழக்கத்துக்கு மாறான நிலைமையைக் கவனத்தில் கொண்டிருக்கிறோம், விதிகள் தெளிவாக உள்ளன, பந்து விழுந்ததும் தெரிவிக்கவும். அதைச் சுவரில் ஒட்டினோம்.

பிறகு புறா. பறந்துபோகிற பறவை பந்தில் பட்டால் அந்தப் பாயிண்ட்டைத் திரும்ப ஆட வேண்டும் என்று யாரோ கண்டுபிடித்தார்கள், சரவணப்பெருமாளும் அரைமனதாக ஆமாம் என்றார். பந்தயப் புறா வளர்க்கிற காதர் மைதீன், எட்டு மணி நேரம் இறங்காமல் பறக்கிற ஜாதி என்று பெருமை பேசுகிறவர், கூண்டு கூண்டாகக் கொண்டுவந்தார். ஊர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றது. புறாக்கள் ஏறின. பந்தின் உயரத்துக்கே ஏறின. அதைச் சுற்றி வட்டம் போட்டன, பெரிய வட்டம், சின்ன வட்டம், ஒரு முழத்துக்குள் போய் வளைந்து திரும்பின, அங்கே பந்து என்று ஒன்று இல்லாதது மாதிரி. சாயங்காலம் வீட்டுக்குப் போய்விட்டன. காதர் மைதீன் வெறும் கூண்டுகளைத் தூக்கிக்கொண்டு போனார். மூன்று நாள் இது நடந்தது.

பன்னிரண்டாம் நாள்தான் யாருக்கோ காலண்டர் ஞாபகம் வந்தது. இன்னும் ஐந்து நாள். அதற்குள் மேட்ச் முடியாவிட்டால் இரண்டு பேர் பெயரும் பட்டியலில் ஏறாது. எங்கோ ஒரு ஊரில், இந்தப் பந்தைப் பார்த்தே இராத எவளோ ஒருத்திக்கு அந்த இடம் போய்விடும்.

அன்றைக்குத்தான் ஊர் கேதகி பக்கம் திரும்பியது.

முதலில் நயமாகத்தான். ஒரு பாயிண்ட்தானே கண்ணு. நீ தொட்டாலும் உனக்குத் தோல்வி இல்லையே, சமன்தானே, திரும்ப ஆடி ஜெயித்துக்கொள்ளேன். பெண்கள் மக்ரூன் பொட்டலத்தோடு வேலியண்டை போய் நின்றார்கள். ஒரு அம்மாள் முத்துமாலையைக் கழற்றிக் காட்டினாள். இந்தி தெரிந்த ரயில்வேக்காரர் ஒருவர் எல்லாவற்றையும் மொழிபெயர்த்தார். கேதகி கைகூப்பினாள். மக்ரூன் தின்றாள். தொடவில்லை. கொழும்பில் இதே மச்சாது மகளோடு ஆடும்போது ஐந்து மேட்ச் பாயிண்ட் வைத்திருந்து ஐந்தையும் விட்டுத் தோற்றவள் அவள். ரயில்வேக்காரரிடம் பொறுமையாகச் சொன்னாளாம், இந்த ஒரு பாயிண்ட்டை நான் மூன்று மணி நேரம் ஓடிச் சம்பாதித்தேன், யாரும் கொடுக்கவில்லை, நான் ஏன் கொடுக்க வேண்டும், உங்கள் ஊர்ப்பெண் கையில் இது இருந்தால் கொடுக்கச் சொல்வீர்களா என்று.

அவள் சொன்னது நியாயம். அதனால்தான் எங்களுக்குக் கோபம் வந்தது.

பதினான்காம் நாள் அவளுக்குக் காப்பி வரத் தாமதமானது. பதினைந்தாம் நாள் சாப்பாட்டில் குழம்பு ஊற்ற மறந்தார்கள். மச்சாது மகள் தன் தட்டை நெட்டுக்கு மேலே நீட்டி, நெட்டில் கை படாமல், பாதியை அந்தத் தட்டில் தள்ளிவிட்டாள். மறுநாள் ஒரு கூட்டம் கிரேனுக்குக் கீழே போய் நின்று சேவியரைக் கூப்பிட்டது. நிழல் எதற்கு அவளுக்கு, ரெண்டு மணி நேரம் வெயிலில் நின்றால் தானாக நெட்டைப் பிடிப்பாள், உன் மகளுக்காகத்தானே சொல்கிறோம் என்றது. சேவியர் முடியாது என்றான். திரும்பச் சொன்னார்கள். மத்தியானம் ஒரு மணிக்கு நிழல் நகர ஆரம்பித்தது. கேதகியின் காலிலிருந்து இடுப்புக்கு, இடுப்பிலிருந்து தலைக்கு, தலையிலிருந்து நெட்டுக்கு, நெட்டோடு வந்து நின்றது, கத்தியால் வெட்டின மாதிரி. அந்தப் பக்கம் முழுக்க வெயில்.

மச்சாது மகள் அதைப் பார்த்தாள். மேலே கேபினைப் பார்த்தாள். பிறகு தன் பக்கத்து நிழலை விட்டு வெளியே வந்து, கோர்ட்டின் ஓரத்துக்குப் போய், வெயிலில் நின்றாள். சேவியர் நிழலை அவள் பக்கம் கொண்டுபோனான். அவள் மறு ஓரத்துக்குப் போனாள். அவன் அங்கே கொண்டுபோனான். அவள் திரும்ப இந்த ஓரம். அப்பனும் மகளும் பொழுது சாயும்வரை இப்படிச் செய்தார்கள். ஜெனோவா வாளியைக் கீழே வைத்துவிட்டு வேலியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். யாரைப் பார்ப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

பதினேழாம் நாள் காலையிலேயே கூட்டம். பள்ளிக்கூடம் அரை நாள். மதிலில், மரத்தில், தண்ணீர்த் தொட்டியில் ஆள். ஒருவரும் வானத்தைப் பார்க்கவில்லை. எல்லோரும் நெட்டைப் பார்த்தோம். மூன்று மணிக்குச் சின்னப் பிள்ளைகள் ஆரம்பித்தன. தொடு. விளையாட்டுக்குத்தான். தொடு, தொடு. கைதட்டு சேர்ந்தது. பெரியவர்கள் சேர்ந்தார்கள். சரவணப்பெருமாள் அமைதி, அமைதி என்று மைக்கில் சொன்னார், மைக்கை யாரோ பிடுங்கிவிட்டார்கள், பிறகு வாயாலேயே சொன்னார். மூன்றரைக்கு மதிலுக்கு வெளியே தெரு முழுக்கச் சொன்னது. லாரிக்காரன் ஹாரனில் சொன்னான். ஊர் முழுக்க ஒரே வார்த்தை, ஒரே தாளம், பதினேழு வயசுப் பிள்ளை ஒன்றைப் பார்த்து. அவளுக்குத் தமிழ் இரண்டு வார்த்தை தெரியும் என்றேன், அன்றைக்கு மூன்றாவது வார்த்தை கற்றுக்கொண்டாள். நானும் சொன்னேன். நாற்பது வருஷம் கோர்ட்டில் நின்றவன், எதிராளி பந்து போடும்போது இருமாதவன், நானும் கைதட்டிக்கொண்டு தொடு என்று சொன்னேன்.

நாலு மணிக்குக் கேதகி அழுதாள். சத்தமில்லாமல். கண்ணைத் துடைக்கக்கூட இல்லை, மட்டையைத் தோளுக்குப் பின்னால் மடக்கி, இடது கையை மேலே சுட்டி, முதல் நாள் நின்ற மாதிரியே நின்றாள். அவளுடைய கோச் வேலிக்குப் பின்னால் இரண்டு காதையும் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். நெட்டுக்கும் அவளுக்கும் ஒரு முழம்தான் இடைவெளி. அவள் கால் ஒருமுறை முன்னால் வந்தது. கூட்டம் எழுந்தது. கால் பின்னால் போனது. கூட்டம் இன்னும் பலமாகச் சொன்னது.

நாலேகாலுக்கு அவள் கால் திரும்பவும் அசைந்தது. அந்த நேரத்தில்தான் மச்சாது மகள் பின்கோட்டிலிருந்து நடக்க ஆரம்பித்தாள்.

முதலில் யாரும் கவனிக்கவில்லை. நாங்கள் அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டிருந்தோம். சேவியர் மேலேயிருந்து பார்த்தான். பாப்பா, பின்னால போ என்று கத்தினான், எங்கள் சத்தத்தில் அது யாருக்கும் கேட்கவில்லை. கிரேன் ஹாரனை அழுத்தினான். அது கேட்டது. எங்கள் வாய் நின்றது. கைதட்டு இரண்டொரு இடத்தில் இன்னும் இருந்து, அதுவும் நின்றது. அவள் சர்வீஸ் கோட்டைத் தாண்டி வந்தாள்.

"பாப்பா, வேண்டாம் பாப்பா. விழுந்துரும். இப்ப விழுந்துரும்." சேவியர் கேபின் கதவைத் திறந்து பாதி வெளியே தொங்கிக்கொண்டிருந்தான். "அப்பா சொல்லுதேன்ல, பின்னால போ."

அவள் நெட்டுக்கு முன்னால் வந்து நின்றாள். கேதகி தூக்கி வைத்திருந்த இடது கையைப் பார்த்தாள். பிறகு திரும்பி, மதிலுக்கு மேலே, கிரேனைப் பார்த்துச் சொன்னாள்.

"எப்பா, கீழ எறங்குங்க. போதும்."

சொல்லிவிட்டு இடது உள்ளங்கையை நெட்டின் வெள்ளைப் பட்டியில் வைத்தாள். தட்டவில்லை, இழுக்கவில்லை. காய்ச்சல் பார்க்க நெற்றியில் கை வைக்கிற மாதிரி வைத்தாள்.

டச் என்றார் சரவணப்பெருமாள். பதினேழு நாளாக வாயில் வைத்திருந்தவர் மாதிரி சொன்னார். பிறகு மைக் இல்லாமல், எழுந்து நின்று, கேம், செட், மேட்ச் என்றார். கேதகியின் கோச் போனை எடுத்துப் பட்டியல்காரர்களுக்குக் கட்டைவிரலால் செய்தி அடிக்க ஆரம்பித்தான். மணி நாலு இருபது. கேதகி கையை இறக்கவில்லை, இறக்க மறந்துவிட்டது. இந்தப் பக்கத்துக்காரிதான் எட்டிப் பிடித்து இறக்கிவிட்டாள்.

பந்து விழுந்தது. உள்ளே விழுந்ததா வெளியே விழுந்ததா என்று ஊரில் இன்றைக்கும் அடிதடி. எடுத்துப்போட்டவன் நான்தான், எனக்குத் தெரியும். சொல்லமாட்டேன். பாயிண்ட் முடிந்தபின் விழுகிற பந்துக்கு ஒரு அர்த்தமும் கிடையாது.

கூட்டம் கலையத் தெரியாமல் நின்றது. கைதட்டலாமா என்று சிலர் பார்த்தார்கள், எதற்குத் தட்டுவது என்று தெரியவில்லை. சேவியர் ஏணியில் ஒவ்வொரு படியாக இறங்கிக்கொண்டிருந்தான், முதுகைக் காட்டிக்கொண்டு, பாதியில் நின்று நின்று. ஜெனோவா கீழே ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தாள். நெட்டுக்கு இரண்டு பக்கமும் நின்ற பிள்ளைகள் இரண்டும் தரையில் உட்கார்ந்துவிட்டன.

சரவணப்பெருமாள் நாற்காலியிலிருந்து இறங்கி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு, அறிக்கைத் தாளை எடுத்தார். பதினேழு நாள் நடந்த பாயிண்ட், வெறும் ஸ்கோர் மட்டும் எழுதினால் தலைமையகம் விடாது, ஆட்டத்தை முடித்துவைத்தவர் யார், முழுப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. அவருடைய ஸ்கோர் அட்டையில் மச்சாது என்றுதான் இருந்தது. பிளக்ஸிலும் அப்படித்தான். எங்களைப் பார்த்தார். நம்ம பொண்ணு, மச்சாது மகள், பாப்பா. பதினேழு நாள் நாங்கள் சொன்னது இவ்வளவுதான், அதற்கு மேல் எங்களில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்தவர்களுக்கும் அந்த நேரத்தில் வாய் வரவில்லை.

உன் பேரு என்னம்மா என்று குனிந்து கேட்டார்.

தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தவள் பாட்டிலை இறக்கி, வாயைத் துடைத்துவிட்டு, ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னாள். அவர் ஒவ்வொரு எழுத்தாக எழுதிக்கொண்டார். ஜோவிட்டா.